கார் சாவியும் கொசுவின் எடையும்

சதுரங்கம் அரைகுறையாகத் தெரிந்த ஒரு சிறுமி, இரண்டு கிராண்ட்மாஸ்டர்களுக்குத் தபாலில் சவால் விட்டாளாம். இருவரும் வேறு வேறு ஊர். ஒருவர் வெள்ளைக் காய்களோடு ஆடுவார், இன்னொருவர் கறுப்போடு. சிறுமி என்ன செய்தாள் தெரியுமா? வெள்ளைக்காரர் முதல் நகர்த்தலைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். அதை அப்படியே நகலெடுத்துக் கறுப்புக்காரருக்கு அனுப்பினாள். அவர் யோசித்து எழுதிய பதிலை வெள்ளைக்காரருக்கு அனுப்பினாள். ஆட்டம் முழுக்க இப்படியே போனது. இரண்டு மேதைகளும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டிருந்தார்கள். இருவரும், ‘அடேயப்பா, இந்தப் பொண்ணு என்னமா ஆடுது!’ என்று வியந்தார்கள். முடிவில் அவள் ஒருவரையாவது ஜெயிக்க வேண்டும், இல்லையென்றால் இருவரோடும் சமன் செய்ய வேண்டும். இரண்டு பேரிடமும் தோற்க வழியே இல்லை.

ஜான் கான்வே என்ற கணித மேதை 1976இல் எழுதிய ஒரு புத்தகத்தில் இந்தத் தந்திரம் வருகிறது. ரகசியக் குறியீடுகளை ஆராய்பவர்கள் பின்னால் இதற்கு ‘செஸ் கிராண்ட்மாஸ்டர் சிக்கல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் இதே தந்திரத்தை வைத்துக் காரைத் திருடலாம்.

இப்போது பல கார்களுக்குச் சாவியைத் துவாரத்தில் நுழைத்துத் திருக வேண்டியதில்லை. சாவி சட்டைப் பையில் இருந்தால் போதும். கதவின் பிடியைத் தொட்டதும் கார் மெல்லிய குரலில் ஓர் அழைப்பை அனுப்பும். அது ஓரிரு மீட்டர் தூரம்தான் எட்டும். பையில் இருக்கும் சாவி அதைக் கேட்டு, தனக்கும் காருக்கும் மட்டும் தெரிந்த ரகசியக் கணக்கைப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். விடை சரி என்றால் கதவு திறக்கும்.

இரண்டு திருடர்கள் வருகிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் காருக்குப் பக்கத்தில் நிற்கிறான். இன்னொருவன் உங்கள் வீட்டுச் சுவரோரம், சாவி மாட்டியிருக்கும் இடத்துக்கு அருகில் நிற்கிறான். இருவர் கையிலும் ஒரு கருவி. கார் அனுப்பும் அழைப்பை முதலாமவன் பிடித்து இரண்டாமவனுக்கு அனுப்புகிறான், அவன் அதைச் சாவிக்குக் கேட்கும்படி ஒலிபரப்புகிறான். சாவி விடை சொல்கிறது, விடை காருக்குப் போய்ச் சேர்கிறது. கதவு திறந்துகொள்கிறது. திருடர்களுக்கு அந்த ரகசியக் கணக்கில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. சிறுமிக்குச் சதுரங்கம் தெரிய வேண்டியிருந்ததா என்ன?

இது நடக்கக்கூடியதுதானா என்று சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரான்சியோன், தானெவ், சப்குன் ஆகிய மூவர் சோதித்துப் பார்த்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களை எடுத்துக்கொண்டார்கள். பத்துமே திறந்தன. பத்தையும் ஓட்டிக்கொண்டு போகவும் முடிந்தது.

கார் செய்த தப்பு என்ன? ‘சாவியின் குரல் எனக்குக் கேட்கிறது, ஆகவே சாவி பக்கத்தில் இருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டது. குரல் கேட்பது வேறு, ஆள் பக்கத்தில் இருப்பது வேறு. சாவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் காரே அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். அளப்பதற்கு நாடா பிடிக்க முடியாது. ஆனால் ரேடியோ அலை இருக்கிறதே! அது ஒளியின் வேகத்தில் போகிறது, நொடிக்கு 29,97,92,458 மீட்டர். அதைவிட வேகமாக எதுவும் போகாது. போய்வரும் நேரத்தை அளந்தால் தூரம் கிடைத்துவிடும். எந்தத் திருடனாலும் அலையைத் தாமதப்படுத்த முடியும், ஒளியை முந்த வைக்க முடியாது. அதனால் தூரத்தைக் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்ட முடியாது. 1993இல் ஸ்டெஃபான் பிராண்ட்ஸ், டேவிட் சாம் என்ற இருவர் இந்த யோசனையை முறையாக எழுதி வைத்தார்கள்.

எழுதி வைப்பது சுலபம். செய்து காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று கலிலியோவைக் கேட்டால் சொல்லியிருப்பார்.

1638இல் வெளிவந்த கலிலியோவின் புத்தகத்தில் ஒளியின் வேகத்தை அளக்க ஒரு வழி வருகிறது. இரண்டு பேர் இரவில் ஆளுக்கொரு விளக்கோடு தூரம் தூரமாக நிற்க வேண்டும். முதலாமவர் தன் விளக்கின் மூடியைத் திறப்பார். அந்த வெளிச்சத்தைப் பார்த்த நொடியே இரண்டாமவர் தன் விளக்கைத் திறப்பார். திறந்ததற்கும் பதில் வெளிச்சம் தெரிந்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று முதலாமவர் பார்ப்பார். ஒரு மைலுக்குக் குறைவான தூரத்தில் செய்து பார்த்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாதுதான்! ஒன்றரை கிலோமீட்டர் போய்வர ஒளிக்கு 10 மைக்ரோ நொடி ஆகும். மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மூடியைத் திறக்கும் மனிதரின் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யவே ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி வேண்டும். அளக்க வந்ததைவிட இடையில் வரும் தாமதம் 20,000 மடங்கு பெரிது.

இன்றைய கார் செய்வதும் அதே விளக்கு விளையாட்டுத்தான், ஒரே ஒரு திருத்தத்தோடு. இரண்டாமவர் தான் எவ்வளவு நேரம் தாமதித்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறார். கார் ஒரு துடிப்பை அனுப்பும். போன் (இப்போது போனே சாவியாகிவிட்டது) அதைப் பெற்று, ‘நான் சரியாக 1 மில்லி நொடி கழித்துப் பதில் தருகிறேன்’ என்று சொல்லிப் பதில் தரும். கார் மொத்த நேரத்தில் அந்த 1 மில்லி நொடியைக் கழித்து, மீதியை இரண்டால் வகுத்து, ஒளியின் வேகத்தால் பெருக்கும்.

இங்கே எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு நானோ நொடியில் ஒளி 30 சென்டிமீட்டர் போகும், உங்கள் ஜியோமெட்ரி பெட்டிக்குள் நுழையாத அந்தப் பெரிய அளவுகோலின் நீளம். போன் 6 மீட்டரில் இருந்தால் ஒரு வழிப் பயணம் 20 நானோ நொடி. போனின் தாமதமோ 1 மில்லி நொடி, அதாவது பத்து லட்சம் நானோ நொடி. போனுக்குள் நேரம் சொல்வது ஒரு குட்டி குவார்ட்ஸ் படிகம். சாதாரணப் படிகங்கள் பத்து லட்சத்துக்கு 20 என்ற அளவில் வேகமாகவோ மெதுவாகவோ ஓடக்கூடும். கைக்கடிகாரத்தில் இது ஒரு நாளைக்கு இரண்டு நொடிகூட வராது. ஆனால் இங்கே, ‘சரியாக 1 மில்லி நொடி’ என்று போன் சத்தியம் செய்யும்போது அதில் 20 நானோ நொடி பிழை ஒளிந்திருக்கலாம். இரண்டால் வகுத்தால் 10, தூரத்தில் 3 மீட்டர். 6 மீட்டரில் 3 மீட்டர் பிழை! அதனால் மூன்றாவதாக இன்னொரு துடிப்பையும் கார் அனுப்பும். இப்போது போனும் தன் பங்குக்குக் காரின் போய்வரும் நேரத்தை அளந்துவிடும். இரண்டு அளவுகளையும் சேர்த்துக் கணக்கிடும்போது கடிகாரப் பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

அடுத்த சிக்கல், துடிப்பு வந்து சேர்ந்த கணத்தைக் கண்டுபிடிப்பது. குறுகிய அலைப்பட்டையில் போகும் சிக்னலால் சட்டென்று எழவோ அடங்கவோ முடியாது. 1 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சிக்னல் எழுந்து நிற்கவே ஏறக்குறைய 1 மைக்ரோ நொடி ஆகும். அதற்குள் ஒளி 300 மீட்டர் போய்விடும். பட்டையை 500 மெகாஹெர்ட்ஸ் அகலமாக்கினால் துடிப்பு 2 நானோ நொடிக்குள் எழுந்து அடங்கிவிடும், அது 60 சென்டிமீட்டர். அதன் வடிவத்தைக் கணக்குப் போட்டு ஆராய்ந்தால் 10 சென்டிமீட்டர் வரை துல்லியம் கிடைக்கிறது. இந்த முறைக்குத்தான் அல்ட்ரா வைட்பேண்ட் என்று பெயர். 2019இல் வந்த ஐபோன் 11இல் இதற்கென்று தனிச் சில்லு இருந்தது. பிறகு வேறு போன்களுக்கும் கார்களுக்கும் வந்தது.

ஓர் அறையில் துடிப்பு நேராகவும் வரும், சுவரில், பீரோவில், கூரையில் பட்டுச் சுற்றியும் வரும். சுற்றி வந்தது தாமதமாகத்தான் சேரும். சில சமயம் நடுவில் ஆள் நின்றால் நேராக வந்தது பலவீனமாகவும், சுற்றி வந்தது பலமாகவும் இருக்கும். ஆகவே பெறும் கருவி, வந்தவற்றில் பெரியதைத் தேடுவதில்லை. முதலில் வந்ததைத் தேடுகிறது, அது எவ்வளவு மெலிந்திருந்தாலும். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திருடன் இதைத்தான் பயன்படுத்தப் போகிறான்.

ரேடியோவில் செய்திகள் பொட்டலங்களாகப் போகின்றன. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு முகப்பு உண்டு. அது ஒரே மாதிரித் துடிப்புகள் திரும்பத் திரும்ப வரும் பகுதி. ‘பொட்டலம் வருகிறது, தயாராகு’ என்று கருவியை எழுப்பத்தான் அது. நேரம் அளக்கவும் ஆரம்பத்தில் அதையே பயன்படுத்தினார்கள். முகப்பின் வடிவம் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது, உலகத்துக்கே தெரியும். திருடனுக்கும்தான். உண்மையான முகப்பு வந்து சேர்வதற்கு 30 நானோ நொடி முன்பாகவே அவன் அதே மாதிரி ஒன்றை அனுப்பினால்? கருவி முதலில் வந்ததை நம்பும். போய்வரும் நேரத்தை இரண்டால் வகுப்பதால் 4.5 மீட்டர் காணாமல் போகும்.

ஒளியை முந்த முடியாது என்றேனே! அவன் ஒளியை முந்தவில்லை. என்ன வரப்போகிறது என்று முன்பே தெரிந்ததால் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த மாதம் இதே தேதியில் கேட்கப்போகும் கேள்விகள் தெரிந்தவனுக்குத் தேர்வு நாள் வரை காத்திருக்க என்ன அவசியம்?

ஆகவே பொட்டலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். எழுப்புவதற்கு ஒரு பகுதி, செய்திக்கு ஒரு பகுதி, நேரம் அளப்பதற்கென்றே தனியாக ஒரு பகுதி. 2020இல் வந்த 802.15.4இசட் என்ற உலகத் தரநிலை இதை முறைப்படுத்தியது. அந்தத் தனிப் பகுதியில் செய்தி எதுவும் கிடையாது. சுமார் 4,000 துடிப்புகள் மட்டும். ஒவ்வொரு துடிப்பும் நிமிர்ந்து நிற்கலாம் அல்லது தலைகீழாக நிற்கலாம். எது நிமிர்ந்தது, எது தலைகீழ் என்பதை ஏ.இ.எஸ். என்ற குறியீட்டு முறை, காருக்கும் போனுக்கும் மட்டும் தெரிந்த 128 பிட் ரகசிய எண்ணை வைத்து உருவாக்கும். ஒவ்வோர் அளவுக்கும் புது வரிசை. நேற்றைய வரிசையை ஒட்டுக் கேட்டிருந்தாலும் இன்று உதவாது.

ஒரு துடிப்பை ஊகித்தால் சரியாக வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பத்துத் துடிப்புகள் வரிசையாகச் சரியாக வர 1,024இல் ஒரு வாய்ப்பு. 4,000க்கு எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டாம், நோட்டில் இடம் போதாது.

சாமர்த்தியசாலித் திருடன் இதற்கும் ஒரு வழி யோசிப்பான். துடிப்பின் ஆரம்பத்தை மட்டும் கேட்டு, அது நிமிர்ந்ததா தலைகீழா என்று உடனே முடிவு செய்து, மீதி வருவதற்குள் தன்னுடையதை அனுப்பிவிட்டால் கொஞ்சம் நேரம் மிச்சம் பிடிக்கலாமே? கேம்பிரிட்ஜில் சிலர் 2006இல் இந்தத் தாக்குதலை விவரித்து எழுதினார்கள். இதற்கு மருந்து துடிப்பின் நீளத்திலேயே இருக்கிறது. ஒரு பிட்டைச் சொல்ல 1 மைக்ரோ நொடி எடுத்துக்கொண்டால் அவனுக்குத் திருட அவ்வளவு நேரம் கிடைக்கும், நூற்றுக்கணக்கான மீட்டரை விழுங்கிவிடுவான். 2 நானோ நொடித் துடிப்பில் அவனால் அதிகபட்சம் அரை மீட்டருக்குச் சற்று மேல்தான் ஏமாற்ற முடியும். துல்லியத்துக்காகக் குறுக்கிய துடிப்பே பாதுகாப்புக்கும் காவலாக நின்றது. பொறியியலில் இப்படி ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுவது அபூர்வம்.

எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. கருவி ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியாகப் பார்த்து ‘இது சரி, இது தப்பு’ என்று மதிப்பெண் போடுவதில்லை. போடவும் முடியாது, ஏனென்றால் ஒற்றைத் துடிப்பு இரைச்சலில் மூழ்கிக் கிடக்கும். 4,000 துடிப்புகளையும் தன்னிடமுள்ள ரகசிய வரிசையோடு பொருத்திக் கூட்டிப் பார்க்கும். வரிசை சரியாகப் பொருந்தும் நேரத்தில் கூட்டுத்தொகை மலைபோல ஒரு முகடாக எழும். அதற்கு முன்னால் சின்ன முகடு ஏதாவது இருந்தால், அதுதான் நேராக வந்த மெலிந்த துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். 2022இல் ஒரு குழு இதைச் சுரண்டிப் பார்த்தது. வரிசை எதுவும் தெரியாமலேயே, கண்டபடி துடிப்புகளைச் சரியான நேரத்தில் தூவினார்கள். எப்போதாவது ஒருமுறை தற்செயலாக முன்னால் ஒரு பொய் முகடு எழும். அந்தத் தாக்குதலுக்கு ‘கோஸ்ட் பீக்’, பேய் முகடு, என்று பெயர் வைத்தார்கள். 65 டாலர் கருவியை வைத்து, 12 மீட்டரில் இருந்த பொருளை 0 மீட்டரில் இருப்பதாகக் காட்டினார்கள். நூறு முறை முயன்றால் அதிகபட்சம் 4 முறை பலித்தது.

நாலு சதவீதம்தானே என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூட்டு ஒரு நிமிடத்தில் பல முறை தூரத்தை அளக்கும். திருடனுக்கு ஒரு முறை பலித்தால் போதும். முகட்டை எவ்வளவு கண்டிப்பாகச் சோதிப்பது என்பதை ஒவ்வொரு சில்லு தயாரிப்பாளரும் தாங்களே முடிவு செய்துகொண்டிருந்தார்கள். மிகக் கண்டிப்பாக இருந்தால் உண்மையான மெலிந்த துடிப்பையும் தள்ளிவிட வேண்டி வரும், பையில் போனோடு நிற்கும் உரிமையாளருக்கே கதவு திறக்காது. உண்மைத் துடிப்பு இன்னும் பலமாக வந்தால் இந்தத் தர்மசங்கடமே இருக்காது.

அப்படியானால் பலமாக அனுப்ப வேண்டியதுதானே? முடியாது. சட்டம் விடாது.

500 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அனுப்பும்போது மற்றவர்களின் அலைவரிசைகள் மேலேயும் படர்கிறோம். அதனால் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2002இல் இதை அனுமதித்தபோதே கடுமையான கட்டுப்பாடு போட்டது. கணக்கிட்டால் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் 74 நானோவாட்தான் வருகிறது. உங்கள் வீட்டுக் கணினி தன்னையறியாமல் கசியவிடும் ரேடியோ இரைச்சலுக்கு என்ன வரம்போ அதே வரம்பு! 500 மெகாஹெர்ட்ஸுக்கும் சேர்த்து 37 மைக்ரோவாட். வீட்டு வைஃபை பெட்டி 100 மில்லிவாட் அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், அது இதைவிட 2,700 மடங்கு.

ஆனால் இந்த வரம்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. அது ஒவ்வொரு கணத்துக்குமான வரம்பு அல்ல. 1 மில்லி நொடியில் சராசரி எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்கள். (கண நேர உச்சத்துக்குத் தனி வரம்பு உண்டு. அதை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்.) 37 மைக்ரோவாட்டை 1 மில்லி நொடியால் பெருக்கினால் 37 நானோஜூல். ஒரு மில்லி நொடிக்கு உங்கள் ரேஷன் அவ்வளவுதான். ஒரு கொசு சுமார் 2.5 மில்லிகிராம் எடை இருக்கும். அதை ஒன்றரை மில்லிமீட்டர் மேலே தூக்க ஆகும் ஆற்றல் இது. இந்த ஆற்றலோடு கிளம்பும் அலைகள் அறை முழுக்கப் பரவி, அதில் துளியிலும் துளி கார்க் கதவில் உள்ள ஆன்டெனாவில் படும். நடுவில் ஒரு மனிதர் நின்றால் அதுவும் போச்சு. நம் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், இந்த அலைகளை அது விழுங்கிவிடும். போனைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்து வருபவரைப் பார்த்துக் கார் முழிப்பது இதனால்தான்.

ரேஷன் ஒரு மில்லி நொடிக்கு ஒன்று என்றால், அடுத்த மில்லி நொடியில் அடுத்த ரேஷன் வந்துவிடும் அல்லவா? பொட்டலத்தைத் துண்டாக்கும் யோசனை இங்கேதான் பிறக்கிறது. ஒரே மில்லி நொடிக்குள் மொத்தப் பொட்டலத்தையும் அனுப்பி 37 நானோஜூலைப் பங்கிட்டுக்கொள்வதற்குப் பதிலாக, அதைத் துண்டு துண்டாக வெட்டி, மில்லி நொடிக்கு ஒரு துண்டாக அனுப்பு. ஒவ்வொரு துண்டும் சில பத்து மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடும், ஆனால் அந்த மில்லி நொடியின் முழு 37 நானோஜூலும் அதற்கே. மீதி நேரம் சில்லு சும்மா இருக்கும். 16 துண்டுகள் என்றால் 16 ரேஷன். சட்டத்தின் ஓர் எழுத்தையும் மீறவில்லை. 802.15.4ஏபி என்ற குழு வகுத்த புதிய முறையின் மையமே இந்த வெட்டுதான்.

இதைச் சொன்னால் கூர்மையான யாராவது கையைத் தூக்குவீர்கள்: ‘துண்டாக்குவானேன்? பழைய பொட்டலத்தையே 16 முறை அனுப்பி, 16 முறை தூரம் கண்டுபிடித்து, சராசரி எடுத்தால் ஆகாதா?’

ஆகாது. சராசரி எடுக்க முதலில் 16 விடைகள் வேண்டும். உடம்பைத் தாண்டி வந்த மெலிந்த துடிப்பு இரைச்சலுக்குள் மூழ்கியிருந்தால் 16 முறையும் முகடே தெரியாது. தெரியாத 16ஐச் சராசரி எடுத்தால் என்ன வரும்? துண்டு முறையில் கருவி ஒவ்வொரு துண்டையும் கேட்டதும் முடிவு செய்வதில்லை. கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, 16 துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டுகிறது. அதற்குப் பிறகுதான் முகட்டைத் தேடுகிறது. துடிப்பு எல்லாத் துண்டிலும் ஒரே இடத்தில் விழும், எனவே கூட்டினால் 16 மடங்காகும். இரைச்சலோ ஒரு துண்டில் மேலே போகும், அடுத்ததில் கீழே போகும், கூட்டினால் ஒன்றையொன்று பெருமளவு அடித்துக்கொண்டு 4 மடங்குதான் வளரும். 16ஐ 4ஆல் வகுத்தால் 4. இரைச்சலுக்கு மேல் துடிப்பு முன்பைவிட 4 மடங்கு உயரமாக நிற்கும். திறந்த வெளியில் அதே அளவை 4 மடங்கு தூரத்தில் இருந்தும் எடுக்கலாம். அல்லது தூரத்தைக் கூட்டாமல், அந்தப் பலத்தைப் பின்பாக்கெட்டை ஊடுருவச் செலவிடலாம்.

ஆனால் ‘ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி’ என்று நான் ஒரு வரியில் சொல்லிவிட்டேனே, அந்த வேலையில்தான் முழுக் கஷ்டமும் இருக்கிறது. பழைய எதிரி படிகக் கடிகாரம் மறுபடி வருகிறது. காரின் படிகம் பத்து லட்சத்துக்கு 20 வேகமாகவும், போனின் படிகம் 20 மெதுவாகவும் ஓடினால், இரண்டுக்கும் இடையே 40. ஒவ்வொரு மில்லி நொடிக்கும் 40 நானோ நொடி விலகும், ஒளிக்கு அது 12 மீட்டர். முதல் துண்டுக்கும் பதினாறாவது துண்டுக்கும் இடையே 15 மில்லி நொடி. விலகல் 600 நானோ நொடி, 180 மீட்டர்! அப்படியே அடுக்கினால் துடிப்பின் மேல் துடிப்பு விழாது, எங்கெங்கோ விழும். இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். இந்தத் துடிப்புகளைச் சுமந்து வரும் அலை 8 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால், அது ஒருமுறை ஏறி இறங்க 0.125 நானோ நொடிதான். அதில் பாதி தவறினாலே ஏற்றத்தின் மேல் இறக்கம் விழுந்து, கூட வேண்டியது கழிந்துபோகும்.

இதற்கு ஒரு துணை ரேடியோவை வைத்தார்கள். அது குறுகிய அலைப்பட்டையில் வேலை செய்யும் சாதாரண ரேடியோ, அதற்கு அந்தக் கொசு ரேஷன் கிடையாது, சத்தமாகப் பேசலாம். ‘நான் தயார், இத்தனை துண்டு அனுப்பப் போகிறேன்’ என்ற பேச்சுவார்த்தை எல்லாம் அதன் வழியாக நடக்கும். அகலமான ரேடியோவின் அருமையான ரேஷன் முழுவதும் அளவெடுக்க மட்டும். அதோடு ஓர் அழகான வேலை செய்தார்கள். இரண்டு ரேடியோவையும் ஒரே படிகத்தோடு கட்டிவிட்டார்கள். குறுகிய ரேடியோவின் அலை எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடவோ குறையவோ வருகிறது என்று பார்த்தாலே எதிராளியின் படிகம் எவ்வளவு தப்பாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் ஒவ்வொரு துண்டையும் அவ்வளவு நகர்த்திப் பொருத்த வேண்டியதுதான். படிகத்தைத் திருத்தவில்லை பாருங்கள். அதன் தப்பை அளந்து கழித்துக்கொண்டார்கள். திருத்திய விளக்கு விளையாட்டில் இரண்டாமவர் தன் தாமதத்தைச் சொன்னாரே, அதே வழி.

துண்டுகளிலும் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் எல்லாருக்கும் தெரிந்த வரிசை, துல்லியமாகப் பொருத்தவும் அளக்கவும். இன்னொரு வகையில் ரகசிய வரிசை, வந்தது நம் ஆள்தானா என்று சோதிக்க. ரகசியத் துண்டு ஒன்றை ஒட்டுக் கேட்டவனுக்கு அடுத்த துண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஒவ்வொன்றிலும் வேறு வரிசை. பேய் முகடு இங்கே என்னவாகும்? ஒரு துண்டில் தற்செயலாகப் பொய் முகடு எழலாம். அதே இடத்தில் அடுத்த துண்டிலும், அதற்கடுத்த துண்டிலும் தற்செயல் திரும்பத் திரும்ப வராது. நேராக வந்த உண்மைத் துடிப்போ எல்லாத் துண்டிலும் அதே இடத்தில் நிற்கும். ஆகவே கருவி விரும்பினால் துண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டும் பார்க்கலாம். உண்மைத் துடிப்பும் பலமாக இருப்பதால் சோதனையைக் கண்டிப்பாக வைக்கலாம். ‘கருவி விரும்பினால்’ என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். தரநிலை துடிப்புகளின் வடிவத்தைச் சொல்லும். வந்ததை எவ்வளவு சந்தேகப்படுவது என்பது சில்லைச் செய்பவர் கையில்தான் பெரிதும் இருக்கிறது. 2022இல் ஓட்டை விழுந்ததும் அங்கேதான்.

இதற்கிடையில் புளூடூத்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2024இல் வந்த புளூடூத் 6.0இல் தூரம் அளக்கும் வசதி சேர்ந்தது. அவர்கள் அகலமான துடிப்பை அனுப்புவதில்லை. பல குறுகிய அலைவரிசைகளில் மாறி மாறி அனுப்பி, ஒவ்வொன்றிலும் அலை ஏறி இறங்கும் நிலை எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணிக்கிறார்கள். அதற்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும்.

போவதற்கு முன் இரண்டு கணக்குகள். முதலாவது சுலபம்: 9 துண்டுகளாக வெட்டினால் திறந்த வெளியில் எத்தனை மடங்கு தூரம் எட்டலாம்? (3 மடங்கு. 9இன் வர்க்கமூலம்.)

இரண்டாவதற்கு விடை தரப்போவதில்லை. சராசரியை 1 மில்லி நொடிக்குப் பதில் 2 மில்லி நொடிக்குப் பார்ப்போம் என்று நாளைக்குச் சட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்று வையுங்கள். 37 மைக்ரோவாட் என்ற வரம்பு அப்படியே இருக்கிறது. இப்போது துண்டுகளை எப்படி வெட்டுவீர்கள்? படிக விலகல் தொல்லை கூடுமா, குறையுமா? நாம் ஒதுக்கி வைத்த உச்ச வரம்பு இந்த முறை எங்கே குறுக்கே வந்து நிற்கும்? யோசித்து, படம் போட்டு எழுதி அனுப்புங்கள்.